கோடை விடுமுறைக்கு அக்டோபரில் நோட்டீஸ்

வடசென்னையில் ஒரு பொறியியல் கல்லூரியில் இ.சி.இ. (மின்னணுவியல், தகவல்தொடர்பு) துறையில் பாடம் எடுக்கிறேன். மார்ச் பிறந்துவிட்டால் மூன்றாம் ஆண்டுப் பிள்ளைகள் ஸ்டாஃப் ரூம் வாசலில் வந்து நிற்பார்கள். "சார், லீவுல சிப் சம்பந்தமா ரிசர்ச் ஏதாவது பண்ண முடியுமா?" நல்ல கேள்விதான், மார்ச்சில் கேட்கிறார்கள் என்பதுதான் சிக்கல். பெங்களூரு, டெல்லி, பிரயாக்ராஜ் ஆகிய ஊர்களில் இருக்கும் மூன்று அறிவியல் அகாடமிகள் சேர்ந்து கொடுக்கும் கோடை ஆராய்ச்சி ஃபெல்லோஷிப்புக்கு, முந்தைய ஆண்டின் கடைசி மாதங்களிலேயே விண்ணப்பம் வாங்கி முடித்திருப்பார்கள். கோடையில் ஜெர்மனி ஆய்வகங்களுக்குப் போக வழிசெய்யும் டாட் வைஸ் (DAAD-WISE) உதவித்தொகையும் ஏறக்குறைய அதே காலம்தான். ஐ.ஐ.டி. மெட்ராஸின் கோடை ஃபெல்லோஷிப் மட்டும் ஆங்கிலப் புத்தாண்டுக்குப் பிறகு வரும்.

எங்கள் பிள்ளைகளுக்குத் திறமை குறைவு என்று நான் ஒருநாளும் நினைத்ததில்லை. தகவல் தாமதமாக வருகிறது, அவ்வளவுதான். வீட்டில் முதல் பட்டதாரி. அக்கம்பக்கத்தில் கேட்டால் துறைமுகம், மணலி தொழிற்சாலைகள், ஐ.சி.எஃப். ரயில் பெட்டி ஆலை இவற்றில் வேலை பற்றிச் சொல்ல ஆள் உண்டு. பேராசிரியருக்குக் கடிதம் எழுதுவது எப்படி என்று சொல்ல ஆள் இல்லை. அந்த இடைவெளியில் புகுந்து வியாபாரம் செய்கிறவர்கள் இருக்கிறார்கள். "வி.எல்.எஸ்.ஐ. (சிப் வடிவமைப்பு) இன்டர்ன்ஷிப்" என்று பெயர் வைத்து, மாணவனிடமே காசு வாங்கி, சில வீடியோக்களைக் காட்டி, பளபளப்பான சான்றிதழைக் கையில் கொடுத்து அனுப்புவார்கள். உண்மையான ஆராய்ச்சி வாய்ப்பில் பெரும்பாலும் அதை நடத்துகிறவர்கள்தான் நமக்கு உதவித்தொகை தருவார்கள். அகாடமி ஃபெல்லோஷிப்பில் ரயில் கட்டணமும் உண்டு. இதை நான் வகுப்புக்கு வகுப்பு சொல்லிக்கொண்டே இருக்கிறேன். காரணம், இங்கே கோடை என்றால் பாதிப் பிள்ளைகள் கேட்டரிங்குக்கோ மொபைல் கடைக்கோ வேலைக்குப் போகும் காலம்.

இன்னொரு ஏமாற்றம் அமெரிக்கப் பக்கம் இருந்து வரும். கோடை ஆராய்ச்சி என்று தேடினால் முதலில் கண்ணில் படுவது அந்நாட்டு தேசிய அறிவியல் நிறுவனம் பணம் கொடுத்து நடத்தும் திட்டங்கள். செமிகண்டக்டர், உதவித்தொகை, தங்குமிடம் என்று எல்லாம் இருக்கும். அந்நாட்டுக் குடிமக்களும் நிரந்தரமாக வசிக்கும் உரிமை பெற்றவர்களும் மட்டும்தான் உதவித்தொகையோடு சேர முடியும் என்ற வரி கீழே எங்கேயோ இருக்கும். விண்ணப்பக் கட்டுரை முழுவதும் எழுதி முடித்த பிறகு அந்த வரியைப் படித்துவிட்டு வந்த பையன்களைப் பார்த்திருக்கிறேன்.

அப்புறம் கடிதம். "எனக்கு வி.எல்.எஸ்.ஐ.யில் மிகுந்த ஆர்வம்" என்று நூறு பேராசிரியர்களுக்கு ஒரே மின்னஞ்சலை அனுப்பினால் யாரும் பதில் போடுவதில்லை. போடாததில் தப்பும் இல்லை. ஒருவரை மட்டும் தேர்ந்தெடுத்து, அவர் அண்மையில் எழுதிய கட்டுரையில் ஒரே ஒரு வரைபடத்தை எடுத்து, புரியாததைக் கேள் என்பேன். தண்டையார்பேட்டையிலிருந்து வந்த ஒரு மாணவி அப்படித்தான் செய்தாள். சிப்பில் சுவிட்ச் போல வேலை செய்யும் டிரான்சிஸ்டர் ஆன் ஆவதற்கு முன்னால் மின்னோட்டம் பத்து மடங்கு ஏற வேண்டுமென்றால், அறை வெப்பநிலையில் கேட் வோல்டேஜ், அதாவது அந்தச் சுவிட்சை இயக்கக் கொடுக்கும் மின்னழுத்தம், குறைந்தது 60 மில்லிவோல்ட் ஏறியாக வேண்டும் என்று பாடத்தில் நடத்தியிருந்தேன். அவள் பார்த்த வரைபடத்தில் அதற்கும் குறைவாக இருந்தது. "பாடத்தில் முடியாது என்று இருக்கிறது, உங்கள் படத்தில் முடிகிறதே, எப்படி?" என்று நாலு வரியில் எழுதினாள். கோடையில் ஆய்வகத்துக்கு வரச் சொல்லிப் பதில் வந்துவிட்டது. சிஜிபிஏ (மதிப்பெண் சராசரி) பற்றி அந்தப் பதிலில் ஒரு வார்த்தை இல்லை.

விடுதியில் தங்க வீட்டில் ஒப்புக்கொள்ளவில்லை. 2021-இல் மெட்ரோ விம்கோ நகர் வரை வந்தது நல்லதாகப் போயிற்று; தண்டையார்பேட்டையில் ஏறிச் சின்னமலையில் இறங்கி, அங்கிருந்து பஸ். ஆராய்ச்சி என்றால் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்வது என்றுதான் நினைத்துப் போனாள். முதலில் கொடுத்த வேலை வேஃபர், அதாவது சிப் செய்யும் மெல்லிய சிலிக்கன் தகடு, கழுவுவது. ஆர்.சி.ஏ. கம்பெனியில் வெர்னர் கெர்ன் 1965-இல் உருவாக்கிய அதே முறைதான்: அமோனியாவும் ஹைட்ரஜன் பெராக்சைடும் கலந்த சூடான நீரில் ஒரு முறை, ஹைட்ரோகுளோரிக் அமிலம் கலந்து இன்னொரு முறை. ஹைட்ரோஃப்ளூரிக் அமிலத்தை மட்டும் அவளைத் தொட விடவில்லை. அது பட்டவுடன் வலிக்காமலும் இருக்கலாம், ஆனால் உள்ளே இறங்கி எலும்பின் கால்சியம் வரை போகும். அதற்காகவே கால்சியம் குளுக்கோனேட் களிம்பைக் கைக்கெட்டும் தூரத்தில் வைத்திருப்பார்கள்.

திரும்பி வந்து ஜூனியர்களிடம் அவள் அதிகம் பேசியது நிறங்களைப் பற்றித்தான். சிலிக்கன் மேல் வளரும் ஆக்சைடுக்கென்று நிறம் கிடையாது. ஆனால் 100 நானோமீட்டர் தடிமனில் ஊதா கலந்த சிவப்பாகத் தெரியும், கூடக்கூட நிறம் மாறும். பழகிய கண் கருவி இல்லாமலே தடிமனைத் தோராயமாகச் சொல்லிவிடும். இந்த நிறத்துக்குக் காரணமான ஒளி குறுக்கீட்டை (ஒளி அலைகள் ஒன்றன்மேல் ஒன்று சேர்வதை) நான் கரும்பலகையில் நடத்தியபோது பாதி வகுப்பு தூங்கியது. அவள் சொன்னபோது யாரும் தூங்கவில்லை. கொஞ்சம் பொறாமையாகத்தான் இருந்தது.

தேர்வு அட்டவணை வேறு தொல்லை. செமஸ்டர் தேர்வு மே மாதத்துக்குள் இழுத்துக்கொண்டு போகும். ஆய்வகம் மே மாதத்திலேயே வரச் சொல்லும். தேர்வுத் தேதியை முதல் கடிதத்திலேயே எழுதிவிடச் சொல்கிறேன். பெரும்பாலான பேராசிரியர்கள் தள்ளி வரச் சம்மதிப்பார்கள். கல்லூரியின் என்.ஓ.சி. (ஆட்சேபணை இல்லை என்ற கடிதம்) வாங்குவதை மட்டும் கடைசி வாரத்துக்கு வைத்துக்கொள்ளக் கூடாது.

இப்போது அக்டோபரிலேயே நோட்டீஸ் ஒட்டிவிடுகிறேன். துறை போர்டில் ஒட்டினால் யாரும் பார்ப்பதில்லை. கட்டண பாக்கிப் பட்டியலுக்குப் பக்கத்தில் ஒட்டினால் எல்லோரும் படிக்கிறார்கள். இந்த முறை அதைப் படித்துவிட்டு இரண்டாம் ஆண்டுப் பையன் ஒருவன் வந்தான். "சார், அரியர் இருந்தா?"

ஃபெல்லோஷிப் கிடைப்பது கஷ்டம் என்று உள்ளதைச் சொன்னேன். ஆனால் 2020-இல் கூகுளும் சிப் தயாரிக்கும் ஸ்கைவாட்டர் நிறுவனமும் சேர்ந்து 130 நானோமீட்டர் சிப் தொழில்நுட்பத்தின் வடிவமைப்புக் கோப்புகளை எல்லோருக்கும் இலவசமாகத் திறந்துவிட்டார்கள். சிப்பை வரைய மேஜிக், அது வேலை செய்கிறதா என்று கணினியில் சோதிக்க என்ஜிஸ்பைஸ், இரண்டு மென்பொருளும் இலவசம். சாதாரண லேப்டாப்பிலேயே ஓடும். அங்கே யாரும் மார்க்ஷீட் கேட்பதில்லை. முதலில் ஒரு இன்வெர்ட்டர் (0-வை 1 ஆகவும் 1-ஐ 0 ஆகவும் மாற்றும் சின்ன சர்க்யூட்) வரைந்து எடுத்துக்கொண்டு வா, அப்புறம் அரியரைப் பற்றிப் பேசலாம் என்று அனுப்பினேன்.