ஏற்காடு ஏறினால் மட்டும் காணாமல் போகும் கூலண்ட்

சேலம் ஊருக்குள் ஓட்டினால் வண்டி தங்கம். ஐந்து ரோடு நெரிசலில் ஏசி போட்டு நின்றாலும் டெம்பரேச்சர் முள் பாதிக்குக் கீழேயே கிடக்கும். அதே வண்டி அடிவாரம் தாண்டி ஏற்காடு ஏறினால், 20 கொண்டை ஊசி வளைவும் முடிவதற்குள் முள் சிவப்புக்குப் பக்கத்தில் போய் நிற்கும். மறுநாள் காலையில் ஆறின இன்ஜினில் ரேடியேட்டர் மூடியைத் திறந்தால் கூலண்ட் (இன்ஜினைக் குளிர்விக்கும் திரவம்) அரை லிட்டராவது குறைந்திருக்கும். இத்தனைக்கும் நிறுத்திய இடத்தில் ஒரு சொட்டு ஈரம் இருக்காது. வண்டிக்கு வயது இருபதுக்கு மேல், பெட்ரோல், நான் வாங்கியது செகண்ட் ஹேண்டில்.

முதலில் பார்த்த மெக்கானிக் பானெட்டைக்கூடத் திறக்காமல், "ஹெட் கேஸ்கெட் போயிருச்சு, ஹெட்டை இறக்கி லேத்துல குடுத்து ஃபேசிங் அடிக்கணும்" என்றார். இருக்கலாம்தான், ஆனால் கேஸ்கெட் (இன்ஜினின் மேல்பகுதியான ஹெட்டுக்கும் கீழே உள்ள பிளாக்குக்கும் நடுவே கசியாமல் அடைக்கும் தகடு) போனால் அதற்கென்று சில அடையாளங்கள் உண்டு, அதைப் பார்க்காமல் ஹெட்டில் ஸ்பேனர் வைக்க நான் தயாராக இல்லை.

வீட்டிலேயே பார்க்கக்கூடியதை எல்லாம் பார்த்தேன். ஆயில் குச்சியில் பால் கலந்த மாதிரி நிறம் இல்லை. (ஆயில் ஊற்றும் மூடிக்கு அடியில் மட்டும் லேசாக வெள்ளை ஒட்டியிருந்தால் பயப்பட வேண்டாம், குறைந்த தூரமே ஓடும் வண்டியில் ஈரம் சேர்ந்து அப்படி வரும்.) சூடான பிறகும் விடாமல் வரும் வெள்ளைப் புகை இல்லை. ஆறிய இன்ஜினை மூடியில்லாமல் ஸ்டார்ட் செய்து பார்த்தேன், ரேடியேட்டர் வாயில் தொடர்ந்து குமிழி வரவில்லை. மூடி போட்டு ஸ்டார்ட் செய்ததும் மேல் ஹோஸ் கல்லாக இறுகவும் இல்லை. உள்ளே டாஷ்போர்டுக்கு அடியில் கார்பெட் காய்ந்தே இருந்தது, கண்ணாடியில் இனிப்பு வாசனையோடு மூட்டம் கட்டவில்லை, ஆக ஹீட்டருக்குச் சூடு தரும் சின்ன ரேடியேட்டரான ஹீட்டர் கோரிலும் கசிவு இல்லை.

அப்புறம்தான் கொண்டலாம்பட்டி பக்கம் ஒரு ரேடியேட்டர் கடைக்குப் போனேன். அங்கிருந்த பெரியவர் முதலில் கேஸ்கெட் போயிருக்கிறதா என்று பார்க்கும் நீல திரவ டெஸ்டைச் செய்தார். ரேடியேட்டர் வாயில் வரும் காற்றை அதற்குள் இழுப்பார்கள், எரிந்த வாயு கலந்திருந்தால் நீலம் மஞ்சளாகும். மாறவில்லை. அடுத்து கைப்பம்பை வாயில் மாட்டி 0.9 கிலோ அழுத்தம் ஏற்றினார், முள் அசையாமல் நின்றது. நான் கிளம்பிவிடலாமா என்று பார்க்க, "ஆறினதுல பாத்தா ஒண்ணும் தெரியாது தம்பி, சூடு பண்ணிட்டு பாக்கோணும்" என்று ஃபேன் ஓடி நிற்கும்வரை இன்ஜினை ஓடவிட்டு, மூடியைத் துணி போட்டு மெதுவாக, ரொம்ப மெதுவாகத் திருகி அழுத்தத்தை விட்ட பிறகே திறந்து மறுபடி ஏற்றினார். (வீட்டில் இதைச் செய்து பார்க்காதீர்கள், முகம் வெந்துவிடும்.) இந்தத் தடவை முள் கொஞ்சம் கொஞ்சமாக இறங்கியது.

டார்ச்சும் சின்னக் கண்ணாடியும் வைத்துத் தேடினதில் ஆள் சிக்கியது. இன்ஜினுக்குப் பின்னால் போகும் இரும்புப் பைப்பில், ரப்பர் ஹோஸ் ஏறியிருக்கும் இடத்தில் துரு, அதைச் சுற்றி வெள்ளையும் பச்சையுமாகக் காய்ந்த படிவு. நேர் கீழே சைலன்சர் பைப். கசிவது அதன்மேல் விழுந்து ஆவியாகிவிடுகிறது, தரைக்கு எங்கே வரும்?

மூடியையும் பம்பில் வைத்துப் பார்த்தார். 0.9 தாங்க வேண்டிய ஸ்பிரிங் பாதியிலேயே விட்டுவிட்டது. மலையில் மட்டும் ஏன் என்பதற்குப் பதில் இங்கேதான் இருக்கிறது. ஏற்காடு சுமார் 1,500 மீட்டர் உயரம், அங்கே திறந்த பாத்திரத்தில் தண்ணீர் 95 டிகிரியிலேயே கொதிக்கும். மூடி 0.9 பிடித்தால் வெறும் தண்ணீரே 115 டிகிரி வரை கொதிக்காது, கூலண்ட் கலந்தால் இன்னும் மேலே. அழுத்தம் ஒரு பக்கம் மூடியிலும் இன்னொரு பக்கம் பைப்பிலும் போய்விட்டால், இரண்டாம் கியரில் மெதுவாக ஏறும் இன்ஜினுக்கு மிச்சம் என்ன இருக்கிறது?

கழற்றியபோது இன்னொன்றும் தெரிந்தது. இன்ஜின் சூடாகும்வரை கூலண்டை ரேடியேட்டருக்கு விடாமல் பிடித்துவைக்கும் வால்வான தெர்மோஸ்டாட்டே இல்லை! யாரோ புண்ணியவான் "ஹீட் ஆகாது" என்று பிடுங்கிப் போட்டிருக்கிறார். ஊருக்குள் முள் அவ்வளவு கீழே கிடந்தது இதனால்தான். பழைய தண்ணீர் செங்காவியாக வந்தது, வருடக்கணக்காக போர் தண்ணீர் ஊற்றியிருப்பார்கள்.

பைப், ஹோஸ், கிளாம்ப், மூடி, தெர்மோஸ்டாட் எல்லாம் புதிது. கூலண்டும் டிஸ்டில்டு வாட்டரும் பாதிக்குப் பாதி. ஊற்றும்போது ஹீட்டரை முழுச்சூட்டில் வைத்து உள்ளே சிக்கிய காற்றை வெளியேற்றினார். காற்று நின்றால் சென்சார் தண்ணீரைத் தொடாது, இன்ஜின் வெந்துகொண்டிருக்கும்போது முள் சமர்த்தாகக் கீழே காட்டும்.

மொத்தச் செலவு ஹெட் வேலைக்குக் கேட்ட தொகைக்குப் பக்கத்தில்கூட வரவில்லை. அதன்பின் ஏற்காடு ஏறிவிட்டேன், குப்பனூர் வழியாகவும் ஏறிப் பார்த்துவிட்டேன், அளவு இறங்கவில்லை. ஹீட்டருக்குப் போகும் இரண்டு ஹோஸும் பழசு, அதையும் மாற்றச் சொல்லியிருக்கிறார், மழைக்காலத்துக்கு முன்னால் செய்யணும்.