ராவ் எனும் முக்கால் நிமிடம்

“வெட்டிக்கோ” என்றுதான் வாசித்த பெரியவர் சொன்னார், பாட்டுக்கு முன் வரும் முகப்பைப் படத்துக்காக வெட்டலாமா என்று நான் கேட்டபோது. மொழிபெயர்த்த பெண்ணிடம் மறுபடியும் கேட்டு உறுதிப்படுத்திக்கொண்டேன். ஆக, கேட்காமல் நான் எதுவும் செய்யவில்லை. ஆனால் கூடவே ஒன்று சொன்னாரே, அதுதான் இன்னும் உறுத்துகிறது: “அது பாடுறவளுக்காக வாசிச்சது. படத்துக்கு இல்ல.”

தென் வியட்நாமின் டொன் கா தாய் தூ என்ற இசை மரபில், பாட்டுக்கு முன் தாளமில்லாமல் வாசிக்கும் முகப்புதான் ராவ். நம் ஆலாபனை மாதிரி, ஆனால் மிகச் சிறியது. தந்தி சேர்ந்திருக்கிறதா என்று பார்ப்பது அதில்தான். வரப்போவது எந்த ‘ஹோய்’, அதாவது எந்த உணர்வுச் சாயல், என்று கூட இருப்பவர்களுக்குக் காட்டுவதும் அதில்தான். இந்த மரபின் மூலப் பாடல்கள் இருபது, நாலு வகை: 6 ‘பக்’, 7 சடங்குப் பாடல்கள், 3 ‘நாம்’, 4 ‘ஒவான்’. பக் துள்ளும். ஒவான் ஆற்றாமை. ‘நாம்’ வகைக்குள்ளேயே ஒன்று அமைதி, ஒன்று அழுகை. எந்த ஸ்வரத்தை அசைப்பது, எதை அழுத்தி ஏற்றுவது என்பதில்தான் பாதி விஷயம். பெரியவர் வாசித்த டான் கிம் என்ற கருவிக்கு இரண்டே தந்தி; வீணையில் இருப்பது போன்ற மெட்டுகள், நல்ல உயரம். மைக்கைச் சரிசெய்யக் குனிந்தபோது பார்த்தேன்: தந்தியை மீட்டிய பிறகுதான் இடது விரல் மெதுவாக அழுத்துகிறது, அடங்கிக்கொண்டிருக்கும் ஒலி அந்த அழுத்தத்தில் மேலேறி நடுங்குகிறது.

தயாரிப்பாளருக்கு மெக்கோங் படகுக் காட்சிக்கு ஒன்றரை நிமிடம் சோகம் வேண்டும். “முன்னாடி டிங் டிங்னு வர்றதை எடுத்துட்டு நேரா பாட்டுக்கு வாங்க சார்.” பதிவு செய்த ‘தூ டாய் ஒவான்’ என்ற ஒவான் பாட்டில் அப்படி ராவை எடுத்தால் போவது முக்கால் நிமிடம். எடுத்தேன். காலால் தட்டும் சோங் லாங் கட்டையின் முதல் ஒலிக்குச் சற்று முன்னால் வெட்டு. சுத்தமான வெட்டு, அதில் எனக்குச் சந்தேகமில்லை.

இந்த இசை எப்போது மாறாமல் இருந்தது என்றும் எனக்கே சொல்லிப் பார்த்தேன். பாக் லியூவில் காவ் வான் லாவ் அமைத்த ‘தா கோ ஹோய் லாங்’ என்ற பாட்டு வரிக்கு 2 தட்டில் தொடங்கி, பிறகு 4, 8, 16, 32 என்று வளர்ந்துதான் ‘வோங் கோ’ என்ற பாட்டு வடிவம் ஆனது. ஆனால் அவர்கள் நீட்டினார்கள், நான் வெட்டினேன். இந்த வாதம் எனக்கே நிற்கவில்லை.

சம்பளத்துக்கு வாசிக்கும் இசையல்ல இது; நாலு பேர் கூடி, தங்களுக்காக வாசித்துக்கொள்வது. அதனால் ‘படத்துக்கு இல்ல’ என்றது, எங்களுக்கு உரியதை வைத்துக்கொண்டோம், மிச்சத்தை நீ எடுத்துக்கொள் என்ற தாராளமாகவும் இருக்கலாம். உனக்கு அது எதற்கு என்ற கதவடைப்பாகவும் இருக்கலாம். சொல்லிவிட்டுச் சிரித்தார், டீ ஊற்றினார். அதை வைத்து என்ன முடிவுக்கு வருவது?

பாடியவளுக்காக வாசித்தது என்றால் அவளிடம் அல்லவா கேட்டிருக்க வேண்டும்? பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தாள். அவளைக் கேட்கலாம் என்று பெரியவருக்கும் தோன்றவில்லை.

படம் வெளியானது, யாரும் குறை சொல்லவில்லை. போன வாரம் அதே தயாரிப்பாளர் விளம்பரத்துக்கு இருபது வினாடி கேட்டார். அனுப்பிவிட்டேன்.