மானாமதுரைப் பானையும் 104.5 டிகிரியும்

சித்திரை வெயில்ல பானைத் தண்ணி சில்லுனு இருக்குதுன்னா, பேரு மண்ணுக்கு மட்டும் போகக்கூடாது. தண்ணி மூலக்கூறு 104.5 டிகிரியில வளைஞ்சது. ஆக்சிஜன் பக்கம் லேசா எதிர்மின்னூட்டம், ஹைட்ரஜன் பக்கம் நேர்மின்னூட்டம். அதான் அக்கம்பக்கத்து மூலக்கூறுகளை ஹைட்ரஜன் பிணைப்புல பிடிச்சுக்குது. வினாடியில லட்சம் கோடியில ஒரு பங்கு நேரத்துல பிடி விடும், அடுத்ததைப் பிடிக்கும்.

பானையோட நுண்துளை வழியா வெளிய கசியுற தண்ணி, இந்தப் பிடியெல்லாம் அறுத்து ஒரு கிராம் ஆவியாகச் சுமார் 580 கலோரி வெப்பம் வேணும். உள்ள இருக்குற தண்ணிதான் அதுல பெரும்பங்கு கொடுக்குது. 10 லிட்டர் பானையில 100 மில்லி கசிஞ்சு காஞ்சா, கணக்குப்படி 5 டிகிரிக்கு மேல இறங்கணும். வெளிச்சூடு ஏறுறதுல கொஞ்சம் போயிரும்.

பெயின்ட் அடிச்ச பானை வேண்டவே வேண்டாம், துளை அடைபட்டிரும். போர் தண்ணி உப்பு வெள்ளையாப் படிஞ்சாலும் அதே கதிதான்: எலுமிச்சைச் சாறு விட்டுத் தேங்காய் நாரால தேய்ங்க. சோப்பு போட்டா மண்ணு குடிச்சிரும். காத்து வர்ற இடத்துல, ஈர மணல்மேல வைங்க. மழை பெஞ்சு புழுங்குற அன்னைக்குப் பானையைத் திட்டாதீங்க, காத்துலயே ஈரம் நிறைஞ்சு கிடக்கு.

அப்புறம், ஐஸாகும்போது தண்ணி 9 சதவீதம் பெருகுறதும் இதே பிணைப்பாலதான். ப்ரீசர்ல கண்ணாடி பாட்டிலைக் கழுத்து வரைக்கும் ரொப்பாதீங்க.