தோட்டத்துத் தண்ணீர்க் குழாயை மேப்பில் ஏற்றிய கதை

இலங்கையில் பொகவந்தலாவைப் பக்கம் எங்கள் தேயிலைத் தோட்ட டிவிசனில் மேல்மலைத் தொட்டியிலிருந்து ஐந்து லயத்துக்கும் (தொழிலாளர் வரிசை வீடுகளுக்கும்) தண்ணீர் இறக்கத்திலேயே ஓடி வருகிறது, மோட்டார் கிடையாது. பைப் வெடித்தால் எந்த வால்வை மூடுவது என்று குழாய் பார்க்கிற மாமா ஒருவருக்குத்தான் தெரியும். போன வருடம் அவர் கண் ஆபரேஷனுக்குப் போயிருந்த கிழமை பார்த்து பைப் வெடித்து, மூன்று நாள் எல்லாரும் வாளியோடு, ஊற்றுத் தண்ணீர் விழுகிற பீலிக்கரைக்கு நடந்தோம். அப்புறம்தான் தண்ணீர்க் கமிட்டி, கம்ப்யூட்டர் படித்தவன் என்று குழாயையும் வால்வையும் மேப்பில் ஏற்றும் வேலையை என் தலையில் கட்டியது.

மேப் வரைகிற மென்பொருள் கியூஜிஐஎஸ் இலவசம். ஆனால் படிக்கத் தேடினால் வருகிற வீடியோவில் பாதி, குழாயில் காஸ் விடுகிற கம்பெனிகளுடையது, நமக்கோ காஸ் சிலிண்டரில்தான் வருகிறது! இருந்தாலும் அவர்களுக்கும் நமக்கும் கேள்வி ஒன்றுதான்: இங்கே ஒழுகினால் எந்த வால்வை மூடவேண்டும், மூடினால் யார் யாருக்கு நிற்கும்.

முதல் அடி பழைய சர்வே பிளானில் விழுந்தது. அதில் இடத்தைக் குறிக்கிற எண்களை அப்படியே போட்டேன், தோட்டம் மாலைதீவுப் பக்கமாக நடுக்கடலில் போய் உட்கார்ந்தது. இரண்டு நாள் மண்டையை உடைத்துக்கொண்ட பிறகுதான் பிடிபட்டது. இந்த எண்களுக்குப் பிதுருதலாகலை மலைதான் தொடக்கப் புள்ளி, அதற்குக் கந்தவளை கிரிட் என்கிற பழைய மேப் கட்டத்தில் கிழக்கு, வடக்கு இரண்டுக்கும் 2,00,000 மீட்டர், 1999இல் வந்த புதிய கிரிட்டில் 5,00,000. நான் பழைய எண்ணைப் புதியதில் போட்டிருக்கிறேன், மேற்கே 300 கிலோமீட்டர், தெற்கே 300 கிலோமீட்டர் தள்ளிவிட்டது.

பிறகு நிற்கிற இடத்தை மேப்பில் குறிக்கிற கியூஃபீல்ட் ஆப்பைப் போனில் ஏற்றிக்கொண்டு மாமாவோடு மலை ஏறினேன். வெட்டவெளியில் ஐந்து மீட்டருக்குள் காட்டுகிற போன், ஓடைப் பள்ளத்தில் மரத்தடிக்குப் போனதும் கண்டபடி தாவும். மாமா அதைத் திரும்பியும் பார்க்கவில்லை. ஒரு சவுக்கு மரத்தடியில் கவ்வாத்தில் வெட்டிய கிளைகளைக் காலால் ஒதுக்கி, "இங்க தோண்டு தம்பி" என்றார். ஒரு முழம் தோண்டியதும் துருப்பிடித்த வால்வு. காலில் ஏறிய அட்டைக்கு வேறு கணக்கே இல்லை.

வீட்டில் வந்து கோடு போட்டால் பார்வைக்கு எல்லாம் சேர்ந்திருக்கும், கம்ப்யூட்டருக்குச் சேர்ந்திருக்காது. கோட்டு முனைகளை ஒட்டவைக்கிற ஸ்னாப்பிங் போட மறந்து வரைந்ததையெல்லாம் திரும்ப வரைந்தேன்.

பலன் எதிர்பாராத இடத்தில் கிடைத்தது. போன் சொல்கிற உயரத்தை நம்பாமல், சர்வே திணைக்களத்தின் 1:50,000 மேப்பில் உயரக்கோடு பார்த்தேன். தொட்டிக்கும் கடைசி லயத்துக்கும் கிட்டத்தட்ட 90 மீட்டர் இறக்கம். பத்து மீட்டர் இறக்கத்துக்கு ஒரு பார் அழுத்தம் என்றால் ஒன்பது பார், அங்கே கிடப்பது ஆறு பார் தாங்குகிற 600 டைப் பைப். வருடா வருடம் அந்த இடமே ஏன் வெடிக்கிறது என்று அப்போதுதான் விளங்கியது, நாங்கள் இத்தனை நாளும் பன்றி கிண்டுகிறது என்று நினைத்திருந்தோம்.

இடையில் அழுத்தம் குறைக்க ஒரு சின்னத் தொட்டி கட்டக் கமிட்டி ஒத்துக்கொண்டிருக்கிறது. 23 வால்வில் இரண்டு இன்னும் அகப்படவில்லை. ஒன்று புதுக் கோயில் படிக்கட்டுக்குக் கீழே என்கிறார் மாமா.