மலை மேல் மடம், கடைக்குள் பெருமாள்

ஸ்ரீரங்கத்திலிருந்து இங்கிலாந்தின் லீட்ஸுக்கு வந்த அத்தையும் அத்திம்பேரும் என் வீட்டு ஜன்னல் வழியாகப் பக்கத்து வீட்டுக் குப்பைத்தொட்டியையே பார்த்துச் சலித்துப் போயிருந்தார்கள். அதனால் ஒரு சனிக்கிழமை விட்பிக்குக் கிளம்பினோம். யார்க்‌ஷயரின் கடலோர ஊர் அது. நடுவில் எஸ்க் ஆறு கடலில் கலக்கிறது, இரு கரையிலும் குன்றுகள். கிழக்குக் குன்றின் உச்சியில், கடலுக்கு முகம் காட்டிக்கொண்டு, இடிந்துபோன பழைய கிறிஸ்தவ மடம். என் பெண்ணுக்கு டிராகுலா வேண்டும். அத்திம்பேருக்கு அங்கே போகிற 199 படி ஏற வேண்டும். அத்தை, "கோவில் உண்டா?" என்று மட்டும் கேட்டாள்.

"இருந்தது" என்றேன்.

மேற்குக் குன்றில் கேப்டன் குக் சிலையும், திமிங்கிலத் தாடை எலும்பை நட்டு வைத்த தோரண வாயிலும் இருக்கின்றன. ஊருக்கு வருகிற எல்லோரும் அதற்குள் நின்று எதிர்க்கரை மடத்தோடு படம் எடுத்துக்கொள்வது வழக்கம். எலும்பு என்று தெரிந்ததும் அத்தை அதற்குள் நுழைய மறுத்து, சுற்றிக்கொண்டு அந்தப் பக்கம் வந்து நின்றாள். ஆக, குடும்பப் படத்தில் அத்தை மட்டும் சட்டத்துக்கு வெளியே.

பொன்மலை ரயில்வே பட்டறையில் கணக்கெழுதி ரிட்டயர் ஆனவர் அத்திம்பேர். 199 என்று ஒரு ஊரே சொன்னாலும் தானே எண்ணிப் பார்க்காமல் கையெழுத்துப் போடமாட்டார். முதல் படியிலிருந்தே வாய்விட்டு எண்ணிக்கொண்டு ஏறினார். பத்துப் படிக்கு ஒருமுறை சின்னதாக வெண்கல வில்லை பதித்து ரோமன் எண் போட்டிருக்கிறது. அதைப் பார்ப்பது காப்பியடிப்பதாம், கண்ணை வேறு பக்கம் திருப்பிக்கொண்டார்.

அத்தைக்கு முழங்கால் வலி. பாதி வழியில் அகலமான மேடையும் அதில் நீளமாக ஒரு பெஞ்சும் வந்ததும் "அப்பாடா, புண்ணியவான் யாரோ போட்டு வெச்சிருக்கான்" என்று சாய்ந்து உட்கார்ந்துவிட்டாள். தண்ணீர் குடித்து, வெற்றிலை பாக்குப் பொட்டலத்தையும் பிரித்தாயிற்று. அந்த நேரம் பார்த்து உள்ளூர்ப் பாட்டி ஒருத்தி பக்கத்தில் நின்று, மிகுந்த பிரியத்தோடு, அந்த பெஞ்சின் பூர்வீகத்தைச் சொல்ல ஆரம்பித்தாள். நான் கண்ணைக் காட்டுவதற்குள் என் பெண் வார்த்தைக்கு வார்த்தை மொழிபெயர்த்துவிட்டாள்.

மேலே இருப்பது கல்லறைத் தோட்டம். அந்தக் காலத்தில் சவப்பெட்டியைத் தோளில் சுமந்து இந்தப் படியில்தான் ஏறுவார்கள். இடையில் பெட்டியை இறக்கி வைத்து மூச்சு வாங்கத்தான் இந்த பெஞ்சுகள்.

அத்தை எழுந்த வேகத்தை நான் அதற்கு முன்னும் பார்த்ததில்லை, பின்னும் பார்க்கவில்லை. மிச்சப் படிகளில் ஓரிடத்திலும் நிற்கவில்லை. இடையில் முந்தப்பட்ட அத்திம்பேர் "நூற்றி அம்பத்தி..." என்று தொடங்கி, எந்த எண்ணில் விட்டோம் என்று தெரியாமல் திகைத்தார். உச்சிக்கு வந்தபோது அவர் கணக்கு 198. "ஒண்ணு உதைக்கறது" என்று அப்போதே திரும்பிக் கீழே இறங்கப் பார்த்தவரை, இறங்கும்போது எண்ணிக்கொள்ளலாம் என்று கையைப் பிடித்து நிறுத்தினேன். அதற்குள் அத்தை பாட்டில் தண்ணீரைத் தலையில் தெளித்துக்கொண்டு, "ஸ்நானம் ஆத்துக்குப் போய்" என்று அறிவித்தாள்.

மடத்துக்கு முன்னால் செயின்ட் மேரி தேவாலயம். பன்னிரண்டாம் நூற்றாண்டில் கட்டத் தொடங்கியது. உள்ளே ஆளுயரப் பலகைகளால் அடைத்து, கதவும் வைத்த பெட்டி பெட்டியான இருக்கைகள். பிரசங்க மேடை மூன்றடுக்கு. அதில் நீளமாக இரண்டு குழாய்கள் தொங்குகின்றன. காது மந்தமான பாதிரியார் மனைவி ஒருத்தி கீழே உட்கார்ந்தபடி கணவரின் பிரசங்கத்தைக் கேட்பதற்காக மாட்டியதாம். அத்திம்பேர் அதை வெகுநேரம் பார்த்தார். தன் காதைக் காட்டி, "எனக்கும் மந்தம்தான். ஆனா யாரும் குழாய் மாட்டிடாதீங்கோ" என்றார்.

சில இருக்கைகளின் கதவில் 'அந்நியர்களுக்கு மட்டும்' என்று ஆங்கிலத்தில் எழுதியிருக்கிறது. குடும்ப இருக்கை இல்லாத வெளியூர்க்காரர்களுக்கு அந்தக் காலத்தில் ஒதுக்கிய இடம். படித்துச் சொன்னதுதான் தாமதம், "பார்த்தியா, நமக்குன்னு தனியா ரிசர்வ் பண்ணியிருக்கா" என்று அத்தை கதவைத் திறந்து உள்ளே போய் உட்கார்ந்தாள். உட்காருவதற்கு முன், இதில் யாரையாவது கிடத்தியிருந்தார்களா என்று விசாரித்துக்கொண்டாள்.

டிராகுலாவைத் தேடி வந்த என் பெண்ணுக்குத்தான் பெரிய ஏமாற்றம். டிராகுலா என்ற ரத்தக் காட்டேரி நாவலை எழுதிய பிராம் ஸ்டோக்கர் 1890இல் இங்கே வந்து தங்கியிருந்தபோதுதான் அந்தப் பெயரையே ஊர் நூலகப் புத்தகம் ஒன்றில் பிடித்தார். கதையில் டிராகுலா இந்த ஊரில் கரை ஒதுங்கிய கப்பலிலிருந்து பெரிய நாயாகக் குதித்து ஓடுவான். தேவாலயத்தில் ஒரு அறிவிப்பு ஒட்டியிருக்கிறது: டிராகுலாவின் கல்லறை எங்கே என்று ஊழியர்களைக் கேட்க வேண்டாம், அப்படி ஒன்று இல்லை. வந்தவர்களெல்லாம் கேட்டுக் கேட்டு எவ்வளவு நொந்திருந்தால் இப்படி எழுதி ஒட்டியிருப்பார்கள்! என் பெண் அதைப் படித்துவிட்டு, வாசலில் இருந்தவரிடம் போய், "நிஜமாவே இல்லையா?" என்று கேட்டாள்.

மடம் பெரிது. கூரை கிடையாது, வானம்தான் விதானம். 657இல் ஹில்டா என்ற பெண் துறவி நிறுவிய மடம் இருந்த இடம் இது. ஆண்களும் பெண்களும் இருந்த அந்த மடத்துக்கு அவர்தான் தலைவி. இப்போது நிற்கிற சுவர்கள் அதற்குப் பல நூற்றாண்டு பிந்தியவை. இங்கிலாந்து ராஜா எட்டாம் ஹென்றி 1539இல் மடத்தை மூடியதற்கு அப்புறம் காற்றும் மழையும் பிடுங்கியது போக, 1914 டிசம்பரில் ஜெர்மன் போர்க்கப்பல் சுட்ட குண்டும் வந்து விழுந்தது. இவ்வளவுக்கும் அத்தை "ம்" மட்டும் கொட்டினாள். அவள் நிமிர்ந்து உட்கார்ந்தது 664ஆம் வருஷத்துச் சங்கதிக்கு.

ஈஸ்டர் எந்த நாளில் என்று இரண்டு கட்சிக்குள் சண்டை. அப்போது இந்தப் பகுதியை ஆண்ட ராஜா ஒரு கணக்கு, ராணி ஒரு கணக்கு. சில வருஷம் ராஜா விரதம் முடித்துப் பண்டிகை கொண்டாடும்போது ராணி இன்னும் பட்டினி விரதத்திலேயே இருப்பாள். கடைசியில் இந்த மடத்தில்தான் சபை கூட்டி, ரோமாபுரிக் கணக்கே செல்லும் என்று ராஜா தீர்ப்புச் சொன்னான்.

"ஸ்மார்த்த ஏகாதசி, வைஷ்ணவ ஏகாதசி மாதிரின்னு சொல்லேன்!" என்றாள் அத்தை. "நான் பட்டினி கிடக்கறச்சே இவர் அடுத்தாத்துல போய் அடை சாப்பிட்டுட்டு வரலையா? அதுக்கு யார் சபை கூட்டினா?"

அத்திம்பேருக்கு அந்த நேரம் காது நிஜமாகவே மந்தமாகிவிட்டது.

சாப்பாடு கட்டி எடுத்துப்போயிருந்தோம். விட்பியில் மீனும் சிப்ஸும் பிரசித்தம். சிப்ஸாவது வாங்கலாமே என்று கீழேயே ஒரு கடையில் கேட்டேன். மாட்டுக் கொழுப்பில்தான் பொரிக்கிறோம், பரம்பரை முறை என்று பெருமையாகச் சொன்னார்கள். அத்தையிடம் கடை மூடியிருக்கிறது என்று சொல்லிவிட்டேன். குன்றின் மேல் பெஞ்சில் உட்கார்ந்து (இம்முறை தீர விசாரித்த பெஞ்ச்) புளியோதரை டப்பாவைத் திறந்தோம். அத்தை ஊரிலிருந்து கொண்டுவந்திருந்த அரிசி வடாம் ஒன்றை எடுத்து வாய்க்குக் கொண்டுபோனாள். தலைக்குப் பின்னாலிருந்து வெள்ளையாக ஏதோ இறங்கியது. கை இருந்தது, வடாம் இல்லை. பத்தடி தள்ளி, வாத்து அளவுக்கு ஒரு கடற்காக்கை வடாமை முழுசாக விழுங்கிவிட்டு, மஞ்சள் கண்ணால் எங்களையே பார்த்தது.

அத்தை கோபப்படவில்லை. கன்னத்தில் போட்டுக்கொண்டாள். "காக்காய்க்கு வைக்காம சாப்பிட உட்கார்ந்துட்டேன். வந்து எடுத்துண்டு போயிடுத்து."

நான் தடுப்பதற்குள் ஒரு பிடி புளியோதரையை உருட்டிக் குட்டிச்சுவர் மேல் வைத்து, "கா... கா..." என்று கூப்பிட்டும் விட்டாள். பறவைகளுக்குத் தீனி போடக்கூடாது என்று ஊரெல்லாம் எழுதி வைத்திருக்கிறார்கள், காரணம் இல்லாமல் இல்லை. ஒரு பித்ரு வந்தால் போதாதா? பரம்பரையே வந்தது. அடுத்த பெஞ்சில் இருந்த தம்பதி சாண்ட்விச்சைக் கோட்டுக்குள் ஒளித்துக்கொண்டு ஓட, நாங்கள் டப்பாவோடு எதிர்ப்பக்கம் ஓடினோம். எள்ளும் மிளகாயும் ஒன்றும் செய்யவில்லை, உருண்டை இருந்த இடம் துடைத்தாற்போல் இருந்தது.

படியடியில், சர்ச் தெருவில் நினைவுப்பொருள் கடைகள். ஒரு கடை ஜன்னல் முன்னால் அத்தை அப்படியே நின்றுவிட்டாள். பட்டுத் துணி மேல், கரிய வழவழப்பான, சுருள் சுருளாகச் சக்கரம் ஓடிய கற்கள்.

"டேய். சாளக்கிராமம்டா."

"அம்மோனைட் அத்தை. கடல் பிராணியோட புதைபடிவம். பதினெட்டுக் கோடி வருஷம் பழசு..."

காதில் வாங்கவே இல்லை. "சாளக்கிராமம் அடைநெஞ்சே" என்று திருமங்கையாழ்வாரை முணுமுணுத்துக்கொண்டு செருப்பை வாசலில் கழற்றிவிட்டு உள்ளே போய்விட்டாள். அவளைத் தப்புச் சொல்லவும் முடியாது. நேபாளத்தில் கண்டகி நதி கொண்டுவருகிற, நாம் பெருமாளாகவே பூஜை செய்கிற சாளக்கிராமமும் அம்மோனைட்தான். விட்பிக்காரர்களுக்கும் இது சும்மா கல் இல்லை. குன்றில் நிறைந்திருந்த பாம்புகளை ஹில்டா கல்லாக்கினார் என்பது ஊர்க்கதை, ஊர்ச் சின்னத்திலேயே மூன்று அம்மோனைட் உண்டு. பாம்பென்றால் தலை எங்கே என்று வாங்குகிறவர்கள் கேட்க, அந்தக் காலத்து வியாபாரிகள் கல்லில் தலை செதுக்கியே விற்றார்கள். இந்தக் கடையிலும் அப்படி ஒன்று இருந்தது.

"பெருமாளுக்கு யாருடா தலை வெச்சது?" என்றாள் அத்தை. கடைக்காரர் என்னைப் பார்த்தார். விலை பற்றிப் பேசுகிறோம் என்று நினைத்து, தலையில்லாததென்றால் 12 பவுண்டு என்றார்.

அங்கேதான் சிக்கல். சாளக்கிராமத்துக்கு விலை பேசக்கூடாது; வாங்குவதும் பாவம், விற்பதும் பாவம். யாராவது கொடுத்தால் வாங்கிக்கொள்ளலாம். அத்திம்பேர் 12 பவுண்டை ரூபாயாக்கிப் பார்த்து, சாஸ்திரம் சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்று உடனே ஒப்புக்கொண்டார். கடைசியில் அத்தையைத் தெருவுக்கு அனுப்பிவிட்டு நான் காசு கொடுத்தேன். பிறகு கடைக்காரரையே வாசல்வரை அழைத்துவந்து, அவர் கையால் அத்தைக்குக் கொடுக்கச் சொன்னேன். அவரும் ஏன் என்று கேட்காமல் இரண்டு கையாலும் நீட்டினார். அத்தை முந்தானையில் ஏந்தி வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள்.

அத்திம்பேர் அதற்குள் படிக்கட்டு எண்ணப் போய்விட்டிருந்தார். இறங்கும்போது 200 வந்ததாம்.

போன வாரம் போனில் கேட்டேன். வீட்டுப் புரோகிதர் வாத்தியார் கல்லைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, கண்டகியில் பிறக்காததைக் கோயிலாழ்வாருக்குள் (வீட்டுப் பூஜைப் பெட்டிக்குள்) ஏளப்பண்ண முடியாது என்று சொல்லிவிட்டாராம். வெளியேயும் போட அத்தைக்கு மனசில்லை. அதனால் கோயிலாழ்வாருக்குப் பக்கத்தில் தனி வெள்ளித் தட்டு, தினம் ஒரு பூ, நைவேத்தியம் மட்டும் கிடையாது. விசிட்டர் விசாதான், ஆறு மாசம் பார்க்கலாம் என்கிறார் அத்திம்பேர்.