சாதாழைத் தொட்டி

மே 4, கிளிநொச்சி
பவளத் தொட்டியில் நைட்ரேட் மறுபடியும் 40 பிபிஎம். கண்ணாடியில் பாசியை வழித்தால் மறுநாளே திரும்பப் பிடிக்கிறது. தண்ணீர் மாற்றிக்கொண்டிருந்தால் மட்டும் சரிவராது, ரெஃப்யூஜியம் போடத்தான் வேண்டும். மீன் எட்டாத தனி அறையில் சாதாழை, அதாவது கடற்பாசி, வளர்ப்பது. அது வளர வளர நைட்ரேட்டையும் பொஸ்பேற்றையும் உறிஞ்சும். பிறகு கிள்ளி எடுத்தால் அந்த அழுக்கும் அதோடு போய்விடும்.

மே 7
கீழ்த்தொட்டியைக் கண்ணாடியால் மூன்றாகத் தடுத்தேன். நடு அறை 40 லீற்றர். சிலிக்கன் இன்னும் வினாகிரி மணக்கிறது. அது போகுமட்டும் தண்ணீர் விடமாட்டேன்.

மே 11
முல்லைத்தீவுக் கரை. சோளகக் காற்றுக்கு (தென்மேற்குப் பருவக்காற்று) எங்கள் பக்கக் கடல் படுத்துவிடும். உப்படர்த்தி 1.025, நல்ல கணக்கு. மாரியில் வெள்ளம் கலந்து குறைந்துவிடும், அப்போது தொட்டிக்குத் தண்ணீர் அள்ளக்கூடாது. மிதந்து வந்த சாதாழையை மட்டும் எடுத்தேன்; பவளக் கல்லைப் பெயர்ப்பது சட்டப்படி குற்றம், மனமும் வராது. கரைவலை இழுத்துக்கொண்டிருந்த ஐயா ஒருவர், “என்ன தம்பி, தென்னைக்குப் பசளையாத் தாக்கவோ?” என்று கேட்டார். வீட்டுக்கு வந்து வாளியில் உதறினேன், நகக்கண் அளவில் மூன்று நண்டுக்குஞ்சுகள் விழுந்தன.

மே 19
விடிய எழும்பிப் பார்த்தால் தண்ணீர் பால் மாதிரி. திராட்சைக்குலை போன்ற கோலெர்ப்பா என்ற சாதாழை இரவோடிரவாக இனப்பெருக்க அணுக்களைக் கொட்டிவிட்டு, வெறும் வெள்ளைத் தோலாகக் கிடந்தது. பவளம் முழுக்கச் சுருங்கிவிட்டது. பாதித் தண்ணீரை மாற்றினேன், கை நடுங்கியது. இனி இடியப்பச் சிக்குப் போல இருக்கும் நூல்பாசி மட்டும்தான்.

மே 22
சாதாழைக்கு இரவில்தான் விளக்கு. மேல்தொட்டி இருட்டில் கரியமிலவாயு கூடி pH இறங்கும்; கீழே வெளிச்சத்தில் பாசி அதை எடுத்துக்கொள்ளும். விடியற்காலையில் 7.8 காட்டியது இப்போது 8.1. அம்மாதான் இரண்டு இரவாக எழும்பி வந்து, “லைட்டை நிப்பாட்ட மறந்துபோனியோ ராசா?” என்கிறா.

ஜூன் 14
நைட்ரேட் 15. ஒரு பிடி நூல்பாசி கிள்ளினேன். டோர்ச் அடித்தால் கண்ணாடியெல்லாம் வெள்ளைப் புள்ளிகள், தத்தித் தத்தி ஓடுகின்றன: கோபிபோட்கள், இறால் இனத்துச் சின்னஞ்சிறு உயிர்கள். மோட்டர் அவற்றையும் மேலே ஏற்றுகிறது. தண்ணீர் விழும் குழாயடியில் சின்ன மீன்கள் இரண்டும் வாயைத் திறந்தபடி காத்து நிற்கின்றன.