வேதியியல் பி.எச்டி.: பதிவுக்கு முன்பே உதவித்தொகைக்கு வழி பாருங்கள்

நெல்லை, தென்காசி, தூத்துக்குடிப் பக்கம் எம்.எஸ்சி. வேதியியல் முடிக்கும் பலர், மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்கழகத்தில் முதலில் பி.எச்டி. பதிவு செய்துவிட்டு, அதன்பிறகுதான் உதவித்தொகை தேடத் தொடங்குகிறார்கள். இந்த வரிசையை மாற்றுங்கள். முக்கியமான ஃபெலோஷிப்புகளுக்கு வயது வரம்பு உண்டு. வேதியியல் என்றால் கரைப்பான், ரீஏஜென்ட், நிறமாலைப் பரிசோதனைக் கட்டணம் என்று மாதாமாதம் செலவும் வந்துகொண்டே இருக்கும். கையில் வருமானம் இல்லாமல் இரண்டு வருடம் ஓடிவிட்டால் பாதியில் விட்டுவிடத்தான் தோன்றும்.

எல்லாவற்றிலும் உறுதியான வழி சி.எஸ்.ஐ.ஆர்.-யு.ஜி.சி. நெட் என்னும் தேசியத் தகுதித் தேர்வில் ஜே.ஆர்.எஃப். (இளநிலை ஆராய்ச்சி உதவித்தொகை) பெறுவது. 2023 ஜனவரியிலிருந்து, முதல் இரண்டு ஆண்டுகளுக்கு மாதம் 37,000 ரூபாய், அதன்பின் எஸ்.ஆர்.எஃப். (முதுநிலை ஆராய்ச்சி உதவித்தொகை) ஆனதும் 42,000 ரூபாய். வீட்டு வாடகைப்படி தனி. விடுதியில் இடம் கொடுத்திருந்தால் அது கிடைக்காது. சி.எஸ்.ஐ.ஆர். ஃபெலோவுக்கு ஆண்டுக்கு 20,000 ரூபாய் கன்டின்ஜென்சியும் (ஆராய்ச்சிச் செலவுக்கான தொகை) உண்டு. எம்.எஸ்சி.யில் 55 சதவீதம் வேண்டும், ஓ.பி.சி., எஸ்.சி., எஸ்.டி., மாற்றுத்திறனாளிகளுக்கு 50 போதும்.

வினாத்தாள் 200 மதிப்பெண். பார்ட் ஏ-யில் 20 கேள்விக்கு 15, பார்ட் பி-யில் 40-க்கு 35, பார்ட் சி-யில் 60-க்கு 25 எழுதலாம். ஏ, பி இரண்டிலும் கேள்விக்கு 2 மதிப்பெண், சி-யில் 4. தவறான விடைக்கு கால்பங்கு கழியும். பார்ட் ஏ-யில் வேதியியலே கிடையாது. எண்கணிதம், வரைபடம், தர்க்கம்தான். அதனாலேயே நம் பிள்ளைகள் அதைத் தொடாமல் விடுகிறார்கள். ஆனால் அங்கே இருக்கும் 30 மதிப்பெண், குவாண்டம் வேதியியல் முழுவதையும் படித்து எடுப்பதைவிடச் சுலபமாகக் கிடைக்கும். பார்ட் சி-யில் 25-ஐயும் நிரப்பியே தீரவேண்டும் என்று யாரும் கட்டாயப்படுத்தவில்லை. உறுதியாகத் தெரிந்த 15 கேள்வி 60 மதிப்பெண் தரும்; மீதிப் பத்தை ஊகத்தில் போட்டால் தவறு ஒவ்வொன்றுக்கும் ஒரு மதிப்பெண் போகும்.

படிப்பில் குறையே இல்லாதவர்கள்கூடத் தடுக்கி விழும் இடம் ஒன்று உண்டு: சாதிச் சான்றிதழ். மாநில அரசின் பி.சி., எம்.பி.சி. அட்டை மத்திய அரசுத் திட்டங்களுக்குச் செல்லாது. மத்திய அரசுப் படிவத்தில் ஓ.பி.சி. கிரீமிலேயர் (வசதி படைத்த பிரிவினர்) அல்லாதோர் சான்றிதழை இ-சேவை மையத்தில் தனியாக விண்ணப்பித்து வாங்க வேண்டும். வி.ஏ.ஓ., ஆர்.ஐ., தாசில்தார் என்று கை மாறி வர நாள் பிடிக்கும். நெட் அறிவிப்பு வரட்டும் என்று காத்திருக்காதீர்கள். உங்கள் சாதிப் பெயர் மத்தியப் பட்டியலில் எப்படி எழுதப்பட்டிருக்கிறது என்பதையும் எழுத்துக்கு எழுத்து ஒப்பிட்டுக்கொள்ளுங்கள். கிரீமிலேயருக்கான எட்டு லட்ச ரூபாய் ஆண்டு வருமான வரம்பைக் கணக்கிடும்போது பெற்றோரின் சம்பளத்தையும் விவசாய வருமானத்தையும் சேர்ப்பதில்லை. இது தெரியாமல் விண்ணப்பிக்காமலே விட்டுவிடுகிறவர்கள் உண்டு.

ஜே.ஆர்.எஃப். கட்-ஆஃப்பைக் கொஞ்சத்தில் தவறவிட்ட எஸ்.சி., ஓ.பி.சி. மாணவர்களுக்கு தேசிய ஃபெலோஷிப்புகள் இருக்கின்றன. நெட் தேர்வின் தரவரிசையை வைத்தே ஆள் எடுக்கிறார்கள். அதனால் விண்ணப்பப் படிவத்தில் அந்தத் திட்டங்களைப் பற்றிய கேள்வி எதையும் வெற்றாக விடாதீர்கள். எஸ்.டி. மாணவர்களுக்குப் பழங்குடியினர் நல அமைச்சகத்தின் தேசிய ஃபெலோஷிப் தனியாக உண்டு.

நம் பகுதிக்கு முக்கியமான ஒன்று. கிறித்தவராக மதம் மாறிய ஆதிதிராவிடக் குடும்பங்கள் இங்கே நிறைய. மத்திய அரசின் எஸ்.சி. ஃபெலோஷிப் அவர்களுக்குக் கிடைக்காது. ஆனால் தமிழ்நாடு ஆதிதிராவிடர் நலத்துறை முழுநேர பி.எச்டி. மாணவர்களுக்குத் தரும் ஆண்டுக்கு ஒரு லட்ச ரூபாய் ஊக்கத்தொகையில் அவர்களுக்கும் இடம் உண்டு. பகுதிநேரமாகப் பதிவு செய்தவர்களுக்கு இது கிடையாது.

முதலமைச்சர் ஆராய்ச்சி ஊக்கத்தொகைக்கு ஆசிரியர் தேர்வு வாரியம் தகுதித் தேர்வு நடத்துகிறது. மாதம் 25,000 ரூபாய், மூன்று ஆண்டுக்கு. எம்.எஸ்சி.யில் பல்கலைக்கழக அளவில் முதலிடம் பெற்றவர்கள் இன்ஸ்பயர் ஃபெலோஷிப்புக்குப் போடலாம். கல்லூரிக்குள் முதலிடம் என்பது போதாது, பல்கலைக்கழகத்தின் சான்றிதழ் வேண்டும். உடன்பிறந்தவர் இல்லாத ஒரே பெண் பிள்ளை என்றால் யு.ஜி.சி.யின் சாவித்திரிபாய் ஜோதிராவ் புலே ஃபெலோஷிப்பைப் பாருங்கள். அதற்கு நெட் வேண்டாம், இரட்டைப் பெண்களும் போடலாம், பெற்றோரின் உறுதிமொழிப் பத்திரம் அவசியம்.

பேராசிரியர்களின் ப்ராஜெக்டில் ஜே.ஆர்.எஃப். ஆகச் சேர்வது இன்னொரு வழி. சேருமுன் கைடிடம் கூச்சப்படாமல் கேட்க வேண்டியவை இரண்டு: அனுமதி ஆணையின்படி இன்னும் எத்தனை மாதம் பாக்கி? அடுத்த தவணைப் பணம் வந்துவிட்டதா? ப்ராஜெக்ட் முடிந்த நாளோடு சம்பளமும் நின்றுவிடும். அங்கே ஃபெலோஷிப் வாங்கிய காலம், பின்னால் சி.எஸ்.ஐ.ஆர். கிடைத்தால் அதன் ஐந்தாண்டு மொத்தக் கணக்கில் கழிக்கப்படும் என்பதும் நினைவிருக்கட்டும்.

நெட் கைகூடாமலே ஆராய்ச்சியில் இரண்டு ஆண்டு ஓட்டிவிட்டவர்களுக்கு சி.எஸ்.ஐ.ஆர். நேரடி எஸ்.ஆர்.எஃப். உண்டு. எம்.எஸ்சி.க்குப் பிறகு இரண்டு ஆண்டு ஆராய்ச்சி அனுபவமும், எஸ்.சி.ஐ. (சயின்ஸ் சைட்டேஷன் இண்டெக்ஸ்) பட்டியலில் உள்ள இதழில் ஒரு கட்டுரையும் வேண்டும். இந்த ஒரு காரணத்துக்காகவே முதல் கட்டுரையைப் பணம் கட்டிப் போடும் இதழுக்கு அனுப்பிப் பாழாக்காதீர்கள்.

ஊரைவிட்டு நகரத் தயார் என்றால் காரைக்குடி சிக்ரி, திருவனந்தபுரம் பாப்பனங்கோட்டில் உள்ள என்.ஐ.ஐ.எஸ்.டி., விதுராவில் உள்ள ஐசர் ஆகிய மத்திய அரசின் ஆராய்ச்சி நிறுவனங்கள் எல்லாமே பக்கம்தான்.

தொகை கிடைத்த பிறகும் கவனம் தேவை. யு.ஜி.சி. தொகைக்கு மாதாமாதம் நிறுவனம் இணையதளத்தில் உங்கள் வருகையை உறுதிசெய்ய வேண்டும். அந்த வேலையைப் பார்க்கும் எழுத்தர் யார் என்று முதல் வாரத்திலேயே தெரிந்துகொள்ளுங்கள். இரண்டு ஆண்டு முடியும்போது வெளிநிபுணர் ஒருவரோடு மூவர் குழு கூடி மதிப்பிட்டால்தான் எஸ்.ஆர்.எஃப். உயர்வு. அந்தக் கூட்டத் தேதியை மூன்று மாதம் முன்பே வாங்கிவிடுங்கள்.

கன்டின்ஜென்சியைக் கரைப்பது பெரும்பாலும் வெளியே அனுப்பும் என்.எம்.ஆர். (சேர்மத்தின் அமைப்பைக் காட்டும் நிறமாலைப் பரிசோதனை) சாம்பிள்தான். புரோட்டான் நிறமாலைக்கு 5 முதல் 10 மில்லிகிராம், கார்பன் நிறமாலைக்கு 20 முதல் 30 மில்லிகிராம் போதும். அனுப்புமுன் டி.எல்.சி.யில் (தூய்மையைக் காட்டும் மென்படலத் தட்டுச் சோதனையில்) ஒரே புள்ளிதானா என்று பார்த்து, வெற்றிடத்தில் நன்றாக உலர்த்துங்கள். சேர்மத்தைப் பிரித்தெடுக்கும் காலம் குரோமட்டோகிராஃபியில் பயன்படுத்திய எத்தில் அசிடேட் மிஞ்சியிருந்தால் டியூட்ரேட்டட் குளோரோஃபார்ம் கரைப்பானில் 1.26, 2.05, 4.12 பி.பி.எம். இடங்களில் அதன் பீக்குகள் எழுந்து உங்கள் சேர்மத்தின் பீக்குகளை மறைத்துவிடும். மறுபடி அதே கட்டணம் கட்டி, மறுபடி வரிசையில் காத்திருக்க வேண்டியதுதான்.